இரண்டாவது அம்பு: ஒளியால்தான் பார்க்கிறோம் என்பதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்கும் முழு வழிகாட்டி

மூன்றாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை படிக்கும் எந்தப் பிள்ளையிடமும் "வெளிச்சம் இல்லாம பார்க்க முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். "முடியாது" என்று பட்டென்று பதில் வரும். அத்தோடு விடாமல் இன்னொன்றும் கேளுங்கள். "ஒரு சொட்டு வெளிச்சம்கூட இல்லாத அறையில அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தா?" பெரும்பாலும் வரும் பதில் இது: "கொஞ்ச நேரத்துல கண்ணு பழகிரும்லா, அப்புறம் லேசாத் தெரியும்."

முதல் பதில் புத்தகத்தில் படித்தது, இரண்டாவதுதான் பிள்ளையின் சொந்த நம்பிக்கை. அதில் பிள்ளையின் குற்றம் எதுவும் இல்லை. இன்றைக்கு எந்த ஊரிலும் முழு இருட்டு கிடையாது. மின்சாரம் போனாலும் ஜன்னல் வழியே நட்சத்திர வெளிச்சமாவது வரும், அந்தக் கொஞ்ச வெளிச்சத்துக்குக் கண் உண்மையாகவே பழகிக்கொள்ளும். அவர்கள் கண்டதையே சொல்கிறார்கள். முழு இருட்டில் ஒரு முறையாவது உட்கார்ந்து பார்க்காத பிள்ளைக்கு இந்தப் பாடத்தின் மற்ற எல்லாம் மனப்பாடமாகத்தான் நிற்கும்.

இன்னொரு சிக்கல் படத்தில் இருக்கிறது. சூரியனிலிருந்து மரத்துக்கு ஓர் அம்பு போடுகிறோம். பிள்ளையும் போடுகிறது, மார்க்கும் விழுகிறது. மரத்திலிருந்து கண்ணுக்கு வர வேண்டிய அம்பை யாரும் கேட்பதில்லை. வெளிச்சம் மரத்தின் மேல் "இருக்கிறது", கண் அதைப் "போய்ப் பார்க்கிறது" என்றே பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த இரண்டாவது அம்பைப் பற்றியதுதான்.

நம் மொழியும் பிள்ளையை அந்தப் பக்கமே இழுக்கிறது. பார்வையை வீசினான் என்கிறோம், பார்வை பட்டது என்கிறோம், கண்ணு பட்டுரும் என்று வாசலில் பூசணிக்காய் கட்டுகிறோம். எல்லாவற்றிலும் கண்ணிலிருந்து ஏதோ புறப்பட்டுப் போகிறது. பழங்காலக் கிரேக்க அறிஞர்கள் யூக்ளிடும் தாலமியும்கூடக் கண்ணிலிருந்து கதிர் கிளம்பிப் போய்ப் பொருளைத் தொடுகிறது என்றே எழுதினார்கள். கி.பி. 965 வாக்கில் இன்றைய ஈராக்கின் பாஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னு அல் ஹைதம்தான் அதைத் தெளிவாக மறுத்து, பொருளிலிருந்து ஒளி கண்ணுக்குள் வருகிறது என்று சோதனைகளோடு நிறுவினார். அவர் சொன்ன வாதம் ஒன்று பிள்ளைகளுக்கும் எட்டும்: கண்ணே கதிரை அனுப்புவதாக இருந்தால், பளீரென்ற வெளிச்சத்தைப் பார்க்கும்போது கண் ஏன் வலிக்க வேண்டும்? பெரிய அறிஞர்களே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நம்பிய ஒன்றை எட்டு வயதுப் பிள்ளை நம்புவது இயல்பு. அதனால் "தப்பு" என்ற சொல்லை இந்தப் பாடத்தில் கடைசி வரை எடுக்காதீர்கள்.

தேவையான பொருட்கள்

மூடியுள்ள செருப்புப் பெட்டி ஒன்று, 15 முதல் 20 செ.மீ. நீளமுள்ள சின்ன அட்டைப் பெட்டி ஒன்று. கறுப்புச் சார்ட் 2, வெள்ளைச் சார்ட் 1. கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு சுருள். டார்ச் ஒன்று. கையகலக் கண்ணாடி, அலுமினியத் தாள், தையல் ஊசி, கம்பளி நூல் இரண்டு நிறங்களில், பித்தளைச் சொம்பு, மஞ்சப்பை, சிவப்புத் துணி, பெரிய துண்டு. டார்ச்சும் வீட்டுச் சாமான்களும் கைவசம் இருந்தால் செலவு பெரிதாக வராது.

பழுப்பு நிறப் பேக்கிங் டேப்பை வாங்காதீர்கள். அதன் வழியாக வெளிச்சம் கசியும். இருட்டுப் பெட்டி தோற்றுப்போவதற்கு முதல் காரணமே அதுதான்.

முதல் படி: எதுவும் சொல்லாமல் வரையச் சொல்லுங்கள்

ஒரு தாளில் மூன்றே மூன்று: ஒரு பல்பு, ஒரு சொம்பு, ஒரு பிள்ளையின் முகம். "இந்தப் பிள்ளைக்குச் சொம்பு எப்படித் தெரியுது? அம்பு போட்டுக் காட்டு." ஐந்து நிமிடம் போதும். திருத்தாதீர்கள், முகத்தில்கூட எதையும் காட்டாதீர்கள். பெயரும் தேதியும் எழுதி வாங்கி வையுங்கள், கடைசியில் வேண்டும்.

நான்கு வகைப் படங்கள் வரும். அம்பே இல்லாமல் சுற்றிலும் மஞ்சள் தீட்டியது. கண்ணிலிருந்து சொம்புக்கு அம்பு. பல்பிலிருந்து சொம்புக்கு மட்டும் அம்பு. நான்காவது, பல்பிலிருந்து சொம்புக்கு ஒன்று, கண்ணிலிருந்து சொம்புக்கு ஒன்று. இந்த நான்காவது வகையைத்தான் அசைப்பது கஷ்டம். பாதி சரியாக இருப்பதால் பிள்ளைக்கு அது முழுதும் சரியாகவே தோன்றும். யார் யார் எந்த வகை என்று குறித்துக்கொண்டால் எந்தச் சோதனையில் யாரை முன்னால் உட்கார வைப்பது என்பது தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: இருட்டுப் பெட்டி

செருப்புப் பெட்டியின் உட்புறம் முழுவதும், மூடியின் உட்புறமும் சேர்த்து, கறுப்புச் சார்ட் ஒட்டுங்கள். குறுகிய பக்கம் ஒன்றின் நடுவில் 1 செ.மீ. அகலத்தில் கண் துளை. மூடியில், துளைக்கு எதிர்க் கோடியை ஒட்டி, 2 செ.மீ. சதுரத்தில் மூன்று பக்கம் வெட்டித் திறந்து மூடும் ஜன்னல். ஜன்னல் மேல் அதைவிடப் பெரிய கறுப்புச் சார்ட் துண்டை ஒரு பக்கம் மட்டும் டேப் போட்டு ஒட்டி, கதவு போலத் தூக்கும்படி வையுங்கள். மூடிக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள விளிம்பு முழுவதும் கறுப்பு டேப். பொருளை மாற்றும்போது மட்டும் பிரித்து மறுபடி ஒட்டலாம்.

பிள்ளைகள் கையில் கொடுக்குமுன் கசிவு பாருங்கள். இருட்டான அறைக்குள் போய், எரிகிற டார்ச்சைப் பெட்டிக்குள் வைத்து மூடி, கண் துளையை விரலால் அடைத்துக்கொண்டு வெளியிலிருந்து பாருங்கள். வெளியே வெளிச்சம் எட்டிப்பார்க்கும் இடம் எல்லாம் உள்ளே வெளிச்சம் நுழையும் இடம். மூலைகளில்தான் அதிகம் இருக்கும். அங்கே இரண்டு சுற்று டேப்.

உள்ளே ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு பொருள் வையுங்கள். என்ன என்று சொல்லக் கூடாது. எலுமிச்சம்பழம், சாக்பீஸ், தீப்பெட்டி என மூன்று பொருட்களை மறைவில் வைத்துக்கொண்டு ஆளுக்கொன்றாக மாற்றுங்கள். பிள்ளை துளையில் கண்ணை ஒட்டிக்கொள்ளட்டும். தலைக்கு மேல் துண்டைப் போட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் கன்னத்துக்கும் அட்டைக்கும் இடையில் வெளிச்சம் புகுந்துவிடும். "என்ன தெரியுது?" "ஒண்ணும் தெரியல." "சரி, கண்ணு பழகட்டும்." மூன்று நிமிடம் கடிகாரம் வைத்துக் காத்திருங்கள். இந்த மூன்று நிமிடத்தைச் சுருக்கிவிட வேண்டாம், பாடமே அதில்தான் இருக்கிறது. பிறகு சொல்லாமல் கொள்ளாமல் ஜன்னலைத் தூக்குங்கள்.

ஜன்னல் திறக்குமுன்பே பிள்ளை சரியாகச் சொல்லிவிட்டால்? ஒரு முறை சொன்னால் அது ஊகம். மூன்று முறையும் சரியாகச் சொன்னால் பெட்டி கசிகிறது. பெட்டியைச் சரிசெய்துவிட்டு, "பெட்டியில ஓட்டை இருந்துச்சு, உன் கண்ணு சரியாத்தான் சொல்லிச்சு" என்று பிள்ளையிடமே சொல்லுங்கள். வெளிச்சம் கொஞ்சமே நுழைந்தாலும் கண் கண்டுபிடித்துவிடுகிறது என்பதும் ஒரு பாடம்தான்.

மூன்றாம் படி: அரங்கில் பத்து நிமிடம்

பெட்டி கண்ணுக்குச் சொல்வதை அறை உடம்பு முழுக்கச் சொல்லும். திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய வீடுகளில் தார்சா (தாழ்வாரம்), பட்டாசல் (கூடம்) எல்லாம் தாண்டி உள்ளே இருக்கும் அரங்கு என்னும் அறை இதற்கென்றே கட்டியது போல இருக்கும். ஜன்னல் இருக்காது, இருந்தாலும் சின்னதாக மேலே இருக்கும். அப்படி வாய்க்காதவர்கள் சாமான் போட்டு வைக்கும் அறையையோ பள்ளிக்கூட ஸ்டோர் ரூமையோ எடுத்துக்கொள்ளலாம். கதவடியில் சாக்கை மடித்துச் செருகுங்கள். பொழுது சாய்ந்த பிறகு செய்தால் பாதி வேலை மிச்சம்.

உள்ளே போகுமுன் ஒளிவிடும் எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள்: கைப்பேசி, ஒளிரும் முள் உள்ள கைக்கடிகாரம், கொசு மருந்து மிஷினின் சிவப்பு விளக்கு, இன்வெர்ட்டரின் பச்சைப் புள்ளி. ஒரே ஒரு எல்.இ.டி. புள்ளி போதும், ஐந்து நிமிடத்தில் அறையே தெரியத் தொடங்கிவிடும்.

பயப்படும் பிள்ளை இருக்கும். "கதவு" என்று யார் சொன்னாலும் அந்த நொடியே கதவு திறக்கும் என்று முன்கூட்டியே சொல்லி, ஒரு முறை திறந்தும் காட்டுங்கள். பெரியவர் ஒருவர் கதவுப் பக்கம். மற்றவர்கள் கைகோத்து உட்காரட்டும். பயப்படும் பிள்ளைக்கு இந்தப் படியை விட்டுவிடலாம், இருட்டுப் பெட்டியே போதும்.

இருட்டில் சிலர் "என் கை தெரியுது" என்பார்கள். அது பொய் இல்லை. தன் கை எங்கே அசைகிறது என்பது மூளைக்குத் தெரியும், அதனால் கண்ட மாதிரியே தோன்றும். பக்கத்துப் பிள்ளையின் கையில் எத்தனை விரல் நீட்டியிருக்கிறது என்று கேளுங்கள். அப்போது புரிந்துவிடும்.

பத்து நிமிடம் கழித்துக் கதவை ஒரு விரல் கனம் மட்டும் திறங்கள். சாம்பல் நிறத்தில் எல்லாம் மங்கலாகத் தெரியும். முன்பே தரையில் போட்டு வைத்த சிவப்பு, பச்சை, நீலத் தாள்களைக் காட்டி எது எந்த நிறம் என்று கேளுங்கள். தடுமாறுவார்கள். மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்யும் கண் செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. கண் மங்கலுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஆனால் எவ்வளவு பழகினாலும் பார்ப்பதற்குக் கொஞ்சமாவது ஒளி வேண்டும். "கண்ணு பழகிரும்" என்று ஆரம்பத்தில் சொன்ன பிள்ளைக்கு அதன் சொல்லையே திருத்தித் திருப்பிக் கொடுக்கும் இடம் இது.

வெளியே வந்ததும் கண்ணாடி முன் நிறுத்துங்கள். மங்கலில் அகன்றிருக்கும் கண்மணி, விளக்கைப் போட்டதும் சுருங்குவதை அவர்களே காணலாம். உள்ளே வரும் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் கதவு அது. கண்ணிலிருந்து எதுவும் வெளியே போவதாக இருந்தால் அந்தக் கதவுக்கு அங்கே வேலை இல்லை.

நான்காம் படி: இரண்டாவது அம்பைக் கண்ணால் காட்டுவது

இதுதான் நடு மையம். அவசரத்தில் மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

இருட்டாக்கிய அறையில் சிவப்புத் துணியைச் சுவரில் தட்டையாக ஒட்டுங்கள். அதன் ஓரத்தில், சுவருக்குச் செங்குத்தாக, புத்தகம் திறந்த மாதிரி, வெள்ளைச் சார்ட் ஒன்றைப் பிடிக்கச் சொல்லுங்கள். டார்ச்சின் வாயில் கறுப்புச் சார்ட்டை 10 செ.மீ. நீளக் குழலாகச் சுற்றி, துணியிலிருந்து 15 செ.மீ. தள்ளி வைத்து, ஒளி துணியின் மேல் மட்டும் விழும்படி அடியுங்கள். வெள்ளைச் சார்ட் சிவப்பாக மாறும். டார்ச் அதன் மேல் படவே இல்லை. அப்படியானால் அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது?

பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசட்டும். துணியிலிருந்து வந்தது என்று ஒரு பிள்ளை சொல்லும் வரை நீங்கள் சொல்லாதீர்கள். இப்போது சிவப்புத் துணியை எடுத்துவிட்டு மஞ்சப்பையை ஒட்டுங்கள். சார்ட் மஞ்சளாகும். கறுப்புச் சார்ட்டை ஒட்டினால் ஏறக்குறைய ஒன்றும் நடக்காது. கறுப்பு, தன் மேல் பட்ட ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. இனி வெள்ளைச் சார்ட் இருந்த இடத்தில் ஒரு பிள்ளையின் முகத்தை வையுங்கள். கன்னத்தில் மஞ்சள் விழுவதை மற்றவர்கள் காண்பார்கள். "அவ கன்னத்துக்கு வர்ற அதே வெளிச்சம்தான் அவ கண்ணுக்குள்ளயும் போகுது." இரண்டாவது அம்பு இதுதான்.

வழக்கமாகத் தவறும் இடங்கள் மூன்று. குழல் இல்லாமல் கைப்பேசி விளக்கை நேரடியாக அடித்தால் ஒளி விரிந்து வெள்ளைச் சார்ட்டிலும் பட்டுவிடும், சிவப்பு தெரியாது. பளபளப்பான சார்ட்டைச் சுவரில் ஒட்டினால் வெள்ளை வெளிச்சமே தெறிக்கும், அதனால்தான் துணி. அறை போதுமான இருட்டில்லை என்றால் நிறம் வெளிறிவிடும்.

அடுத்து, மறைப்புச் சோதனை. விளக்குப் போட்ட அறையில் மேசை மேல் சொம்பு. ஓர் அட்டையை விளக்குக்கும் சொம்புக்கும் இடையில் பிடித்தால் சொம்பு மங்கும். அதே அட்டையைச் சொம்புக்கும் பிள்ளையின் கண்ணுக்கும் இடையில் பிடியுங்கள். சொம்பின் மேல் வெளிச்சம் அப்படியே இருக்கிறது, பக்கத்துப் பிள்ளைக்கும் தெரிகிறது, இந்தப் பிள்ளைக்கு மட்டும் தெரியவில்லை. எந்த அம்பு வெட்டுப்பட்டது?

பிறகு நூலை எடுங்கள். விளக்கிலிருந்து சொம்புக்கு மஞ்சள் நூல். சொம்பிலிருந்து ஒவ்வொரு பிள்ளையின் மூக்கு நுனிக்கும் சிவப்பு நூல். பத்துப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தால் ஒரு சொம்பிலிருந்து பத்து நூல் கிளம்பும். ஒளி பொருளிலிருந்து எல்லாத் திசையிலும் சிதறுகிறது என்ற வாக்கியத்துக்கு அந்தக் காட்சியே அர்த்தம். வகுப்பில் பார்வையில்லாத பிள்ளை இருந்தால் நூல்களைக் கையால் தடவி வழியைத் தொடரட்டும். பாளையங்கோட்டையில் நூறாண்டுக்கும் மேலாகப் பார்வையற்றோருக்கான பள்ளி நடக்கும் மண் இது. இரண்டாவது அம்பு வந்து சேர்ந்தாலும் அதை வாங்கிக்கொள்ளக் கண்ணும், கண்ணிலிருந்து சேதி கொண்டுபோகும் நரம்பும், மூளையும் வேண்டும் என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். ஆச்சிக்குக் கண்புரை வந்தால் ஏன் எல்லாம் புகைமூட்டமாகத் தெரிகிறது என்று யாராவது கேட்பார்கள். கண்ணுக்குள் இருக்கும் வில்லை தெளிவு கெட்டு, வரும் ஒளியை வழியிலேயே சிதறடித்துவிடுகிறது.

ஐந்தாம் படி: கண்ணாடியா, காகிதமா, எது வெளிச்சம்?

இருட்டு அறையின் தரையில் கண்ணாடியையும் அதே அளவு வெள்ளைத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பிள்ளைகள் சுற்றி நிற்கட்டும். "டார்ச் அடிச்சா எது வெளிச்சமாத் தெரியும்?" எல்லோரும் கண்ணாடி என்பார்கள். சாய்வாக அடியுங்கள். தாள் பளிச்சென்று தெரியும், கண்ணாடி கறுப்பாகக் கிடக்கும்.

காரணத்தை அவர்களே தேடட்டும். "கண்ணாடியில பட்ட வெளிச்சம் எங்க போச்சு?" எதிர்ச் சுவரிலோ கூரையிலோ ஒரு வட்டம் தெரியும். கண்ணாடி எல்லா ஒளியையும் ஒரே பக்கமாக அனுப்பிவிட்டது. அந்த வழியில் கண் இல்லாதவர்களுக்கு எதுவும் வரவில்லை. தாள் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் பங்கிட்டுக் கொடுத்தது. பாடநூலில் வரும் ஒழுங்கான எதிரொளிப்பு, ஒழுங்கற்ற எதிரொளிப்பு என்ற சொற்களை இதற்கு முன்னால் சொல்லாதீர்கள், இதற்குப் பிறகு சொல்லுங்கள். அலுமினியத் தாளை வழவழப்பாகவும் கசக்கி விரித்தும் காட்டுங்கள். புளி போட்டுத் துலக்கிய சொம்பில் முகம் தெரியும், களிம்பேறிய சொம்பில் தெரியாது. காற்றில்லாத காலையில் தாமிரபரணிப் படித்துறையில் நின்றால் எதிர்க்கரை மரம் தண்ணீரில் தலைகீழாக நிற்கும், யாராவது இறங்கிக் குளித்தால் கலைந்துவிடும். ஒளி அங்கேதான் இருக்கிறது, திசைதான் குலைந்துவிட்டது.

இந்த இடத்தில் ஒரு கண்டிப்பு. கண்ணாடியில் வெயிலைப் பிடித்து யார் முகத்திலும், ரோட்டில் போகும் வண்டி மீதும் அடிக்கக் கூடாது. லேசர் விளக்கு வேண்டவே வேண்டாம்.

ஆறாம் படி: நேர்கோடும் புகையும்

மூன்று அட்டைகளில் ஒரே உயரத்தில் துளை போட்டு வரிசையாக நிறுத்தி, மூன்றும் நேராக இருந்தால்தான் விளக்கு தெரியும் என்று காட்டும் சோதனை எல்லாருக்கும் தெரியும். துளைகளுக்குள் நூலைக் கோத்து இழுத்து நேராக்கிவிட்டு நூலை உருவிவிடுங்கள், அவ்வளவுதான்.

இதைவிட முக்கியமானது புகை. ஓட்டு வீட்டில் ஓட்டின் இடுக்கு வழியே இறங்கும் வெயில் கம்பி போலத் தெரியுமே, அதை "ஒளியைப் பார்க்கிறோம்" என்று சொல்லிவிட்டால் இதுவரை கட்டியது குலைந்துவிடும். இருட்டறையில் குழல் போட்ட டார்ச்சைக் குறுக்கே அடித்து, பக்கவாட்டில் நின்று பாருங்கள். சுவரில் வட்டம் தெரியும், நடுவழி ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். இப்போது சாம்பிராணிப் புகையைக் கொஞ்சம் காட்டுங்கள். கதிர் தெரிகிறது. புகைத்துகள் ஒவ்வொன்றும் குட்டிச் சொம்பாகி, தன் மேல் பட்ட ஒளியைக் கண்ணுக்கு அனுப்புகிறது. நம்மைத் தாண்டிப் போகும் ஒளி தெரியாது, கண்ணுக்குள் வரும் ஒளிதான் தெரியும். முகப் பவுடரைத் தூவ வேண்டாம், மூச்சில் ஏறும். இழுப்பு உள்ள பிள்ளை இருந்தால் சாம்பிராணியும் வேண்டாம், வெயில் கம்பியில் மிதக்கும் தூசியே போதும்.

ஏழாம் படி: ஊசித்துளைக் காமிரா

அட்டைப் பெட்டி 15 செ.மீ. நீளம் இருந்தால் நல்லது. ஒரு கிலோ அல்வா வாங்கிய அட்டைப் பெட்டியும் சரிவரும். ஆனால் நெய் ஊறிய இடம் ஒளியைக் கசியவிடும், உள்ளே கறுப்புத் தாள் ஒட்ட வேண்டும். அந்த நெய்க் கறையைத் தூக்கி வெயிலில் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். திரை செய்யும் வித்தை அதில்தான் இருக்கிறது. காகித நார்களுக்கு இடையே உள்ள காற்றின் இடத்தை எண்ணெய் நிரப்பிவிடுவதால் ஒளி சிதறுவது குறைந்து, ஊடுருவுவது கூடுகிறது. வெள்ளைத் தாளில் தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுப் பஞ்சால் தேய்த்துத் துடைத்தால் திரை தயார். பட்டர் பேப்பர் கிடைத்தால் இன்னும் சுத்தம்.

பெட்டியின் ஒரு முனையை வெட்டி எடுத்துவிட்டுத் திரையைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். எதிர் முனையில் 2 செ.மீ. சதுரம் வெட்டி, அதன் மேல் அலுமினியத் தாளை ஒட்டுங்கள். துளை போடுவதில் நிதானம் வேண்டும். தாளை நோட்டுப் புத்தகத்தின் மேல் வைத்து, ஊசியின் நுனியை மட்டும் இறக்கி ஒரு சுற்றுச் சுற்றி எடுங்கள். ஊசி முழுதும் இறங்கிவிடக் கூடாது. 15 செ.மீ. பெட்டிக்கு அரை மி.மீ. துளை சரியான அளவு. ஸ்கேலின் மி.மீ. கோடுகளுக்கு இடையே வைத்து, பாதி இடம் அடைக்கிறதா பாருங்கள். துளை பெரிதானால் படம் வெளிச்சமாகவும் மங்கலாகவும் இருக்கும். மிகச் சிறிதானால் எதுவும் தெரியாத அளவுக்கு இருண்டுவிடும். கிழிந்துவிட்டால் தாளை மாற்றுங்கள், சரிசெய்ய முயல வேண்டாம்.

நிழலில் நின்று வெயிலில் இருப்பதைப் பாருங்கள். தலையும் திரையும் மூடும்படி துண்டு. "ஒண்ணும் தெரியல" என்ற புகாரில் பெரும்பாலானவை துண்டு போடாததால் வருவது. வெயில் பட்ட கோபுரம், பனைமரம், ரோட்டில் போகும் பஸ், எல்லாம் தலைகீழாக, நிறத்தோடு, அசைந்துகொண்டு வரும். 12 மீட்டர் பனை 40 மீட்டர் தள்ளி நின்றால் 15 செ.மீ. பெட்டியில் எவ்வளவு உயரம் விழும்? 12ஐ 40ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் 4.5 செ.மீ. ஸ்கேலைத் திரையில் வைத்து அளந்து பார்த்துக்கொள்ளலாம்.

ஏன் தலைகீழ் என்பதற்கு மறுபடி நூல். பனையின் உச்சியிலிருந்து வரும் அம்பு துளை வழியே கீழே போய் விழுகிறது, அடியிலிருந்து வருவது மேலே போகிறது. பனையிலிருந்து ஒளி வரவில்லை என்றால் பெட்டிக்குள் பனை எப்படி வந்தது? பெட்டிக்குக் கண் கிடையாது, அது எதையும் "போய்ப் பார்க்க" முடியாது. நான்காவது வகைப் படம் வரைந்த பிள்ளைகள் பலருக்கும் பிடி கிடைப்பது இங்கேதான். நம் கண்ணுக்குள் விழித்திரையிலும் படம் தலைகீழாகத்தான் விழுகிறது, மூளை அதை நேராகப் புரிந்துகொள்கிறது.

துளை வழியாகச் சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. சூரியனுக்கு முதுகு காட்டி, படத்தை வெள்ளைத் தாளில் விழவைத்துத்தான் பார்க்க வேண்டும். வேப்பமரத்தடியில் உச்சி வெயிலில் தரையைப் பார்த்தால் வட்ட வட்டமாக வெளிச்சம் கிடக்கும். இலை இடுக்கு எந்த வடிவமாக இருந்தாலும் தரையில் வட்டம்தான், ஏனென்றால் அது சூரியனின் படம். இடுக்கு தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் வட்டம் சுமார் 2.8 செ.மீ. இருக்கும். 2010 ஜனவரி 15 அன்று கன்னியாகுமரிப் பக்கம் கங்கண கிரகணம் தெரிந்ததே, அது போன்ற நாட்களில் இந்த வட்டங்கள் பிறையாகும், பிறகு வளையலாகும்.

நிழலைப் பற்றி ஒரு வார்த்தை. நிழல் என்பது முதல் அம்பு வந்து சேராத இடம். ஆனாலும் நிழலில் கிடக்கும் கல் தெரிகிறது, ஏனென்றால் வானமும் சுவரும் அனுப்பும் ஒளி அங்கே போகிறது. நெல்லையில் ஏப்ரல் 12ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 30ஐ ஒட்டியும் பகல் சுமார் 12.20க்கு நட்டு வைத்த கம்புக்கு நிழலே விழாது. நாட்காட்டியில் குறித்து வைத்தால் வருடத்துக்கு இரண்டு முறை இலவசப் பாடம்.

பிள்ளைகள் கட்டாயம் கேட்கும் கேள்விகள்

பூனைக்கு இருட்டில் கண் மின்னுகிறதே? விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு படலம் பூனை, நாய், ஆடு, மாடுகளுக்கு உண்டு, நமக்குக் கிடையாது. வண்டி விளக்கோ டார்ச்சோ பட்டால்தான் மின்னும். டார்ச்சை நம் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தால் நன்றாகத் தெரியும், வந்த வழியே ஒளி திரும்புவதால். டார்ச்சை அணைத்தால் மின்னல் போய்விடும்.

மின்மினி? அது தானே ஒளி உண்டாக்குகிறது. சூரியன், விளக்கு, தீ, டி.வி. திரை எல்லாம் அந்தக் கூட்டம். அவற்றைப் பார்க்க ஒரே அம்பு போதும். மற்ற எல்லாவற்றுக்கும் இரண்டு வேண்டும். ஓரம்புப் பொருள், ஈரம்புப் பொருள் என்று பிரிக்கச் சொன்னால் பிள்ளைகள் உற்சாகமாகச் செய்வார்கள், ஒளிரும் பொருள், ஒளிராப் பொருள் என்ற பாடநூல் சொல் பிறகு தானாக ஒட்டிக்கொள்ளும்.

கறுப்பு ஒளியை விழுங்குகிறது என்றால் கறுப்பு எருமை எப்படித் தெரிகிறது? முழுதாக விழுங்குவதில்லை, கொஞ்சம் திருப்பி அனுப்பும். தவிர, சுற்றியுள்ள புல்லிலிருந்தும் மண்ணிலிருந்தும் ஒளி வருகிறது, நடுவில் வராத இடம் எருமையின் வடிவமாகத் தெரிகிறது.

சுவிட்ச் போட்டதும் உடனே தெரிகிறதே, அம்பு போய்வர நேரம் ஆகாதா? ஆகும். ஒளி நொடிக்குச் சுமார் 3 லட்சம் கி.மீ. போகிறது. மூன்று மீட்டர் அறையைக் கடக்க ஒரு நொடியில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. சூரியனிலிருந்து இங்கே வர 8 நிமிடம் 20 நொடி.

அப்ப கண்ணு படுறதுன்னு சொல்றாங்களே? இந்தக் கேள்விக்கு வீட்டுப் பெரியவர்களைக் குறைத்துப் பேசி பதில் சொல்லாதீர்கள். "பார்க்கும்போது கண்ணிலிருந்து எதுவும் வெளியே போறதில்லைன்னு நாம பெட்டியில பார்த்தோம்லா" என்று சோதனையைக் காட்டினால் போதும், மீதியைப் பிள்ளை யோசித்துக்கொள்ளும்.

திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் 1987 முதல் இயங்கும் மாவட்ட அறிவியல் மையத்துக்குக் கூட்டிப்போவதாக இருந்தால் இவ்வளவும் முடித்த பிறகு போங்கள். ஒவ்வொரு காட்சிப் பொருள் முன்னும் ஒரே கேள்வி: இரண்டாவது அம்பு எங்கே?

கடைசிப் படி: பழைய படம், புதிய கேள்வி

ஒரு வாரம் இடைவெளி விடுங்கள். மறுநாளே கேட்டால் ஞாபகத்தைத்தான் சோதிப்பீர்கள். முதல் நாள் வரைந்த தாளைத் திருப்பிக் கொடுத்து, வேறு நிற பேனாவால் திருத்தச் சொல்லுங்கள். பல்பும் சொம்பும் வைத்த படத்தைப் பெரும்பாலோர் சரியாகத் திருத்திவிடுவார்கள். அதை மட்டும் வைத்துப் புரிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புதுப் படம் ஒன்று கொடுங்கள்: பௌர்ணமி இரவு, வயல் வரப்பில் தாத்தா நடந்து வருகிறார், வீட்டு வாசலில் நிற்கும் பிள்ளைக்கு அவர் தெரிகிறார். தாளின் ஓரத்தில் சூரியன், தொடுவானத்துக்குக் கீழே.

சூரியனிலிருந்து நிலாவுக்கு ஒன்று, நிலாவிலிருந்து தாத்தாவுக்கு ஒன்று, தாத்தாவிடமிருந்து பிள்ளையின் கண்ணுக்கு ஒன்று. மூன்று அம்பும் மூன்று திசையும் சரியாக இருந்தால் அந்தப் பிள்ளைக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. நிலாவிலிருந்து மட்டும் தொடங்கிய பிள்ளைக்கு ஓரம்பு, ஈரம்புப் பட்டியலை மறுபடி கொடுங்கள். கடைசி அம்பைத் திருப்பிப் போட்ட பிள்ளையை நான்காம் படிக்குக் கூட்டிப்போய், இந்த முறை டார்ச்சை அதன் கையிலேயே கொடுத்து, மஞ்சப்பையின் நிறம் தோழியின் கன்னத்தில் விழுவதைப் பார்க்க வையுங்கள்.